செயலியைத் தேர்ந்தெடுப்பது அம்மாவின் வேலைதானா?

சென்னை கொருக்குப்பேட்டையில் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். காலையில் அது அப்பாவோடு கிளம்பிவிடும். துறைமுகத்துக்கோ, மணலிப் பக்கம் லாரி ஓட்டவோ, பாரிமுனைக் கடைக்கோ போய்விட்டு, இருட்டிய பிறகு சார்ஜ் தீரும் நிலையில் வீடு திரும்பும். அவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி அதைக் கையில் எடுப்பதற்குள் கிடைக்கும் அரை மணி நேரம்தான் அந்த வீட்டு நான்கு வயதுக் குழந்தைக்கு வாய்த்த டிஜிட்டல் கல்வி. அக்காவோ அண்ணனோ இருந்தால் அதிலும் பங்கு. சுவரில் செருகிய சார்ஜர் வயரின் நீளத்துக்குள் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். "டேய், அப்பா போன்டா, கீழ போட்டுடாத" என்று அடுப்பங்கரையிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும்.

குழந்தைகளுக்கான கல்விச் செயலிகளைத் தேர்ந்தெடுப்பது குறித்துப் பத்திரிகைகளிலும் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களிலும் வரும் அறிவுரைகள் இந்த வீட்டை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. செயலியை முதலில் நீங்களே விளையாடிப் பாருங்கள், விமர்சனங்களைப் படியுங்கள், தனியுரிமைக் கொள்கையைச் சரிபாருங்கள், குழந்தைக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள் என்பார்கள். எதிலும் தவறில்லை. ஆனால், அதையெல்லாம் செய்ய வீட்டில் இன்னொரு போன் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், வேலைக்குப் போய்வந்து தண்ணீர் பிடித்துச் சமைத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் மிச்சமிருக்க வேண்டும். தனியுரிமைக் கொள்கை என்ற பெயரில் வரும் சட்ட ஆங்கிலத்தை வக்கீல்கள்கூட முழுதாகப் படிப்பார்களா என்பது சந்தேகம்.

அப்படியானால் இங்கே செயலியைத் தேர்ந்தெடுப்பது யார்? கத்திவாக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் ரீசார்ஜ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. டெம்பர் கிளாஸ் ஒட்டப் போனால், "அக்கா, பாப்பாவுக்கு கேம் ஏதாவது ஏத்திவிடட்டா?" என்பார் கடைப் பையன். அவர் ஏற்றிவிடுவதுதான் பாடத்திட்டம். அடுத்த தேர்வாளர், போனில் மிச்சமிருக்கும் இடம். காலை வணக்கப் படங்களும் ஊர்க் கோயில் கும்பாபிஷேக வீடியோவும் அடைத்தது போக எது கொள்ளுமோ அதுதான் உள்ளே வரும். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று காட்டியதும் முதலில் தூக்கப்படுவது குழந்தையின் செயலி. மூன்றாவது தேர்வாளர், குழந்தையே. அதற்குச் செயலிக் கடையெல்லாம் எதற்கு? யூடியூபின் சிவப்புப் படத்தை அழுத்த, எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டியதில்லை.

இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டுத் தாயைப் பார்த்து "நல்லதாகத் தேர்ந்தெடும்மா" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமையல் எரிவாயு ரெகுலேட்டர் வாங்கும் பெண் அதைப் பிரித்துச் சோதிப்பதில்லை. ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்க்கிறார், வாங்குகிறார். சோதிக்கும் வேலையை அவருக்காக வேறு யாரோ ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். குழந்தையின் கையில் போகும் செயலிக்கு மட்டும் அந்த 'வேறு யாரோ' ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

முத்திரைகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலிக்கும் கீழே ஒரு வயது போட்டிருக்கிறது, பலவற்றில் '3+' என்று. அந்த '3+'-ஐப் படிக்கும் எவரும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த எண்ணுக்குப் பொருள், அதில் வன்முறையோ ஆபாசமோ சூதோ இல்லை என்பது மட்டும்தான். செயலியைச் செய்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார், அதன் அடிப்படையில் வயது வருகிறது. கால்குலேட்டருக்கும் '3+' கிடைக்கும். 'கல்வி' என்ற பிரிவில் போடுவதும் செய்தவரின் விருப்பம்தான். நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நாலு வயதுக் குழந்தையின் விரல் தவறிப் பட்டாலும் ஐந்து நட்சத்திரம் விழும். ஆசிரியர்களும் வல்லுநர்களும் பார்த்து ஒப்புக்கொண்ட செயலிகள் என்று கூகுள் 2020-இல் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. அது கொஞ்சம் மேல். ஆனாலும், கடைக்காரரே தன் சரக்குக்குத் தரும் சான்று அது.

சரக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் ஜென்னி ராடெஸ்கியின் குழு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பயன்படுத்தும் 135 செயலிகளை ஆராய்ந்து 2018 இறுதியில் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வடிவத்தில் விளம்பரம் இருந்தது. நடுவில் குறுக்கிடும் வீடியோ என்றால் பெரியவர்களுக்காவது தெரியும். சிலவற்றில் விளம்பரமே விளையாட்டின் ஒரு பகுதிபோல ஒளிந்திருந்தது. சிலவற்றில், குழந்தைக்குப் பிடித்த கதாபாத்திரமே காசு கொடுத்து வாங்கச் சொல்லித் தூண்டியது. பூட்டிய பெட்டியைக் காட்டி முகம் வாடும் ஒரு பொம்மையைப் பார்த்தால் நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்? அதே போனில் அப்பாவின் யுபிஐ இருக்கிறது.

2021-இல் வந்த இன்னோர் ஆய்வு, அதிகம் தரவிறக்கப்படும் கல்விச் செயலிகள் எவ்வளவு கல்வி தருகின்றன என்று அளந்து பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவை குறைந்த மதிப்பெண்தான் வாங்கின. அதற்கு அளவுகோலாக அமைந்தது, கேத்தி ஹிர்ஷ்-பசெக் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2015-இல் முன்வைத்த நான்கு தூண்கள். குழந்தை வெறுமனே விரலால் தட்டாமல் மனத்தால் வேலை செய்கிறதா? கவனம் சிதறாமல் ஒன்றில் நிற்க விடுகிறதா? அதன் வாழ்க்கையோடு தொடர்புள்ளதாக இருக்கிறதா? இன்னொரு மனிதரோடு பேச வைக்கிறதா? இந்த நான்கும் இருந்தால்தான் அது கற்பிக்கும் என்றார்கள். பட்டாசும் கைத்தட்டலும் நிறைந்த செயலி இரண்டாவது தூணிலேயே விழுந்துவிடும். ஒவ்வொரு தொடுதலுக்கும் நட்சத்திரம் கொட்டினால் குழந்தை கற்பது எழுத்தை அல்ல, நட்சத்திரத்தை.

மூன்றாவது தூணில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கொருக்குப்பேட்டைக் குழந்தை எண்ணக் கற்பதற்கு எதுவும் குறைவில்லை. ரயில் யார்டுக்குள் நுழையும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினால் பத்து, இருபது, நாற்பது என்று போய்க்கொண்டே இருக்கும். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் நிற்கும் லாரிகளில் எத்தனை சக்கரம், எந்த லாரி நீளம், கன்டெய்னரில் என்ன நிறம் என்று கேட்க ஆயிரம் இருக்கின்றன. நம் செயலிகளில் எண்ணக் கிடைப்பதோ பனிக்கரடியும் பென்குயினும். பென்குயின் மீது எனக்கு வருத்தமில்லை, அறியாத உலகத்தையும் குழந்தை பார்க்கத்தான் வேண்டும். ஆனால், அறிந்த உலகம் ஒருமுறைகூடத் திரையில் வராவிட்டால் படிப்பு என்பது வேறு யாருடைய வீட்டுச் சமாச்சாரமோ என்று அதற்குத் தோன்றிவிடும்.

இந்த நான்கு தூண்களைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்கா அல்ல, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள். எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் உருவான முறையைப் பார்த்துவந்து செய்த சோதனை அது. பின்னர் மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் போனது. அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்பதை அப்போது படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பாடம் முழுக்கச் சிறு சிறு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படக்குறி. சுவரில் ஏணிப்படி போன்ற ஓர் அட்டவணை. எந்தப் படி ஏறியிருக்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும். சுவரின் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம். பக்கத்துப் பையன் மூன்றாம் படியில் இருந்தால் இருக்கட்டும், நீ உன் படியில் ஏறு என்பதுதான் ஏற்பாடு.

இன்று செயலிக்காரர்கள் மேடையேறிச் சொல்கிறார்களே, அவரவர் வேகம், நிலை நிலையாக முன்னேற்றம், முடித்ததும் சோதனை, அதெல்லாம் அந்த அட்டைகளில் இருந்தது. செயலிகளில் இல்லாத ஒன்றும் இருந்தது. சில அட்டைகளை ஆசிரியரோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், சிலவற்றை ஆசிரியரின் பாதித் துணையோடு, சிலவற்றைத் தோழர்களோடு, சிலவற்றை மட்டும் தனியாக. அதற்கேற்பக் குழந்தைகள் குழு குழுவாகத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான்காவது தூண் அந்தத் தரையில் இருந்தது. எழுத்தையும் அகர வரிசையில் ஆரம்பிக்கவில்லை. ட, ப, ம என்று கை எளிதில் வளையும் வடிவங்களிலிருந்து தொடங்கி, அவற்றைக் கொண்டே படம், பட்டம் என்று சொல் படிக்க வைத்தார்கள். மாநிலம் முழுக்கப் போனபோது அந்தத் திட்டத்தின் தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதும், அட்டை தேடுவதிலேயே பொழுது போகிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால், சின்னக் குழந்தைக்குக் கற்றல் சாதனத்தை எப்படி அமைப்பது என்று யோசித்துப் பார்த்த ஊர் இது. நல்ல செயலிகளைப் பட்டியல் போடத் தெரியாத ஊரல்ல.

இப்போது தமிழ்ச் செயலிகளுக்கு வருவோம். 'தமிழ் எழுத்து' என்று தேடினால் வரிசையாக வந்து விழுகின்றன. பலவும் ஆங்கில ஏ, பி, சி, டி செயலிக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியவை. ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. 26 எழுத்துக்கு வரிசையாக 26 படம் காட்டும் வேலையை 247-க்கு நீட்டினால், குழந்தை ஊகார வரிசைக்கு வருவதற்குள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கும். அகர உயிர்மெய்யைத் தெரிந்துகொண்டு, கால், கொம்பு, சுழி எப்படி ஒலியை மாற்றுகின்றன என்ற சூத்திரம் பிடிபட்டால் மற்றவை தானாக வரும். அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடிக்க விடும் செயலி அரிது. குரல் அடுத்த சிக்கல். சில இயந்திரக் குரல்களில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், 'பழம்' 'பளம்' ஆகிவிடும். சென்னையில் பிறந்த குழந்தைக்கு ழகரத்தில் நல்ல முன்மாதிரி வீட்டிலும் கிடைப்பதில்லை என்று கிண்டல் செய்வார்கள். அதற்காகவே செயலியிலாவது மனிதக் குரல் வேண்டும்.

தமிழில் நல்லதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கூகுள் 2019 மார்ச்சில் 'போலோ' என்ற வாசிப்புச் செயலியை இந்தியாவில் வெளியிட்டது. பின்பு தமிழும் சேர்ந்தது. 2020-இல் 'ரீட் அலாங்' என்ற பெயரில் உலகெங்கும் போனது. திரையில் உள்ள கதையைக் குழந்தை வாய்விட்டுப் படிக்க, தியா என்ற பொம்மை கேட்டுக்கொண்டிருக்கும். தடுமாறிய சொல்லைத் தொட்டால் சொல்லிக் கொடுக்கும். விளம்பரம் கிடையாது. கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை, குரலைப் புரிந்துகொள்ளும் வேலை போனுக்குள்ளேயே நடக்கும். 2022 ஜூனில் தமிழக அரசு, தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதைக் கொண்டே ஒரு வாசிப்பு மாரத்தான் நடத்தியது. தன்னார்வலரின் போனைச் சுற்றிக் குழந்தைகள் முறை வைத்துப் படித்தார்கள். மாவட்டங்களும் ஒன்றியங்களும் போட்டி போட்டுக் கோடிக்கணக்கான சொற்களை எண்ணின.

அந்தக் கோடிக்கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. படித்த சொல்லைச் செயலி எண்ணும், புரிந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆனால், அந்த மாரத்தானில் ஒரு விஷயம் சரியாக நடந்தது. எந்தச் செயலி என்று தேடும் வேலை பெற்றோருக்கு இல்லை. அரசு ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, தெருவில் இருந்த தன்னார்வலர் அதைத் தன் போனில் போட்டார், குழந்தை படித்தது. கூடவே ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ரீட் அலாங் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கானது, மூன்று வயதுக்கு உதவாது. இருந்தாலும் அந்த வழிமுறை உதவும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழில் படக்கதைகள் படிக்கும் நிலைக்கேற்பப் பிரித்து, காசில்லாமல் கிடைக்கின்றன. தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். தாய் படித்துக் காட்ட, குழந்தை படம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு போனில் இல்லை. 'புக்பாக்ஸ்' கதை வீடியோக்களில் சொல்லும் சொற்களே கீழே எழுத்தாகவும் ஓடும், காதும் கண்ணும் சேர்ந்து பழகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளை மனத்தில் வைத்து ஆரம்பித்தவை, உள்ளூர்க் குழந்தைக்கும் ஆகும். ஆங்கிலம் வேண்டுமென்றால் 'கான் அகாடமி கிட்ஸ்'. விளம்பரமோ கட்டணமோ இல்லை, தமிழும் இல்லை. சென்னையில் 2013-இல் பிறந்து உலகக் குழந்தைகளையெல்லாம் பிடித்துப்போட்ட 'சூச்சூ டிவி'யை இந்தப் பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. அதன் பாட்டுகள் மேல் குறையில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓடவிடும் யூடியூப் மேல்தான் குறை.

முடிவு என்று ஒன்று இருப்பதுதான் சின்னக் குழந்தைக்கான செயலியில் நான் முதலில் தேடுவது. கதை முடிந்தால் நின்றுவிட வேண்டும். குழந்தையிடமிருந்து போனைப் பிடுங்கும்போது வீட்டில் எழும் அழுகையில் பாதி, முடிவில்லாத திரை உண்டாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்பது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஊரிலிருக்கும் ஆயாவோடு வீடியோ காலில் கொஞ்சுவதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை.

"போனைத் தராதீர்கள், வெளியே விளையாட அனுப்புங்கள்" என்பவர்களை ஒருமுறை இந்தப் பகுதியின் எழில் நகர்ப் பக்கம் அழைத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, கொஞ்சம் தள்ளிக் கொடுங்கையூர்க் குப்பைமேடு. கோடையில் குப்பை எரிந்தால் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருக்க வேண்டும். மழையென்றால் கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பிவிடுமோ என்ற பயம். ஒரே அறை வீட்டில் தூங்கும் கைக்குழந்தை எழுந்துவிடாமல் மூத்ததை அமைதியாக வைத்திருக்க அந்தத் தாய்க்கு இருக்கும் ஒரே கருவி போன். அவரைக் குறை சொல்பவர்கள் பக்கத்தில் ஒரு பூங்காவுக்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு வரட்டும்.

விலை கொடுத்தால் நல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே பரவித்தான் இருந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்புக்கு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1. அந்த இடைவெளியில் 'பைஜூஸ்' போன்ற நிறுவனங்களின் விற்பனையாளர்கள் நடுத்தர, ஏழைப் பெற்றோரிடம் கடன் தவணையில் பாடத் தொகுப்புகளை விற்றது குறித்துப் புகார்கள் எழுந்தன. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத் தலைவருக்கு அழைப்பாணை அனுப்பும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட நிறுவனம், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

சரி, அரசு கொடுப்பதையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு வந்தது. அதைத் திறக்கும் வாசல் மத்திய அரசின் 'திக்ஷா' செயலி. கொரோனா காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் குழந்தைகளின் உரிமைக்கு ஊறு செய்யும் விதத்தில் தகவல்களைக் கையாண்டதாகச் சொன்னது. குழந்தை இருக்கும் இடத்தைத் துல்லியமாகத் திரட்டும் வசதி கொண்டவற்றில் திக்ஷாவும் ஒன்று. 2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. பூட்டப்படாத ஒரு சர்வரில் திக்ஷாவின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள், ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்திருக்கின்றன.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பதில். 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைத் தொட வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அதைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, ஆனால் நிறுவனங்களுக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர் ஒப்புதல் என்பது நடைமுறையில் ஒரு 'ஓகே' பட்டனாகச் சுருங்கிவிடும் என்பது என் பயம். அந்தப் பட்டனை அழுத்துவதும் நாலு வயது விரலாகவே இருக்கும்.

ஆக, வேறு யாராவது சோதித்துத் தரும் நல்ல செயலிகளின் பட்டியல் ஒன்று வேண்டும். அது வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு, அதற்கு ஆங்கிலம் வேண்டாம். புதுச் செயலியை ஏற்றியதும் போனை ஃபிளைட் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமலும் ஓடினால் டேட்டாவும் மிச்சம், பெரும்பாலான விளம்பரங்களும் வராது. திறக்கவே மறுத்தால், அல்லது எடுத்த எடுப்பில் போன் நம்பர் கேட்டால், உடனே நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டு போன்களின் பாதுகாப்பு அமைப்பில் 'ஆப் பின்னிங்' என்று ஒன்று இருக்கிறது. அதையும், வெளியேறும்போது கடவு எண் கேட்கும் தெரிவையும் போட்டுவிட்டால் ஒரே செயலிக்குள் திரை பூட்டிக்கொள்ளும், கடவு எண் இல்லாமல் குழந்தை வெளியே வந்து வாட்ஸ்அப்பையோ ஜிபேயையோ தொட முடியாது. இதை ரீசார்ஜ் கடைப் பையனே இரண்டு நிமிடத்தில் செய்து கொடுப்பார். கேட்கத்தான் யாருமில்லை. பிறகு, சோறு ஊட்டும்போது "இன்னைக்கு அந்த யானை என்னா பண்ணுச்சு?" என்று ஒரு கேள்வி. குழந்தை கதையாகச் சொன்னால் செயலி வேலை செய்திருக்கிறது. "நூறு காயின் வந்துச்சு" என்று மட்டும் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

அரசிடம் ஒரு வேண்டுகோள், தயவுசெய்து இன்னொரு செயலி செய்யாதீர்கள். திறப்பு விழா, இலச்சினை, ஆறு மாதம் கழித்துத் திறக்காத பக்கம் என்ற கதையை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அங்கன்வாடி ஊழியரின் தலையிலும் இதைக் கட்ட வேண்டாம். போஷன் டிராக்கர் செயலியில் எடையும் உயரமும் ஏற்றியே அவர்கள் களைத்துப்போகிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மதிப்பீட்டைப் போனில் ஏற்றும் ஆசிரியர்களின் குறையும் இதே வகைதான். செயலி செய்வதற்கு உலகில் ஆட்கள் இருக்கிறார்கள். தான்சானியாவின் 170 கிராமங்களில் ஆசிரியரின் துணையில்லாமல் சுவாஹிலி மொழியில் சோதித்து, 2019-இல் 'குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்' பரிசைப் பகிர்ந்துகொண்ட இரண்டு மென்பொருள்களின் மூல நிரலும் பொதுவில் இருக்கிறது. மனமிருந்தால் தமிழுக்குக் கொண்டுவரலாம்.

நமக்குத் தேவை ஒரு சிறு குழு. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சிலர், ஒரு குழந்தை மருத்துவர், தகவல் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பொறியாளர். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து, விளம்பரமும் உள்விற்பனையும் இல்லாத, போன் நம்பர் கேட்காத, இணையமின்றி ஓடும், மலிவு போனில் அடங்கும், மனிதக் குரலில் தமிழ் பேசும் செயலிகள் பத்தை மட்டும் தேர்ந்து சொல்ல வேண்டும். பத்து தேறாவிட்டால் ஐந்து. அரசின் சொந்தச் செயலிகளும் அதே தேர்வை எழுதட்டும். தண்டையார்ப்பேட்டை மண்டலத்தின் நூலகங்களில் அவற்றை ஏற்றிய நான்கைந்து டேப்லெட்டுகளை வைத்து, பக்கத்தில் ஒரு பாயும் போட்டால், வீட்டில் போன் வந்து சேராத நேரத்திலும் குழந்தைக்கு இடம் இருக்கும்.

பட்டியலை எங்கே வெளியிடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஜூன் மாதத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக் குழந்தையின் கைக்கும் இலவசமாகப் போகிறது. அதன் பின்னட்டையின் உட்பக்கத்தில், படத்தோடு, ஸ்கேன் செய்தால் நேராக அந்தச் செயலிக்கே போகும் குறியீடுகளோடு அச்சிடலாம். அங்கன்வாடியின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' புத்தகத்திலும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். பாடநூல் கழகத்துக்கு இதனால் ஆகும் கூடுதல் செலவு மைக்கானது மட்டும்தான். அடுத்த கல்வியாண்டுப் புத்தகங்கள் அச்சுக்குப் போவதற்குள் குழு அமைந்தாக வேண்டும்.